டெஸ்லா சுருளுக்கு எந்தக் கெப்பாசிட்டர்? எஸ்பி ரோட்டில் மூன்று கடை, மூன்று பதில்

ஹலசூரு_சுருள் | ஞாயிறு இரவு 10:20

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது, வோல்டேஜை ஏற்றிக் காற்றில் குட்டி மின்னல் பாய்ச்சும் டெஸ்லா சுருள் ஒன்றில் பாதி வேலையை முடித்துவிட்டு மீதிப் பாதியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிவாஜிநகரில் விளம்பரப் பலகை செய்யும் ஒருவர் நியானை விட்டு முழுக்க எல்இடிக்கு மாறிவிட்டார். அவருடைய குடோனில் தூசி படிந்து கிடந்த பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று காயலான் கடை விலைக்கே கிடைத்தது. தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 9000 வோல்ட், 30 மில்லிஆம்பியர் என்று இருக்கிறது. 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 26 கேஜ் எனாமல் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றிச் செகண்டரி செய்து வைத்திருக்கிறேன் (நான்கு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு முறை அறுந்தது). பிரைமரி, ஏசிக்குப் போடும் செம்புக் குழாய், தட்டையாக 12 சுற்று. மேலே அலுமினிய டக்ட் குழாயை வளைத்துச் செய்த வளையம். கெப்பாசிட்டர் மட்டும்தான் பாக்கி.

நேற்று பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்குப் போனேன். முதல் கடையில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் ஃபேன் கெப்பாசிட்டரை ஒரு பை நிறைய எடுத்துக் காட்டினார். தொடராகக் கோத்துக்கொண்டே போனால் வோல்டேஜ் ஏறிவிடும் என்பது அவர் வாதம். தப்பு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது கடையில் நீல நிற செராமிக் வில்லை, 15 கிலோவோல்ட், 1 நானோஃபாரட். மூன்றாவது கடைக்காரர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "ஏனு சார், பாம்ப் மாட்தீரா?" (என்ன சார், பாம் செய்கிறீர்களா?) என்றார்.

இணையத்தில் பார்த்த அட்டவணையில் 9 கிலோவோல்ட், 30 மில்லிஆம்பியருக்கு ஒத்ததிர்வு அளவு 8.8 நானோஃபாரட், அதைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போடு என்று இருக்கிறது. 10 நானோஃபாரட் போடலாம் என்று நினைக்கிறேன். எதை வாங்குவது?


சோல்டர்_வாசம் | ஞாயிறு இரவு 10:51

எதை வாங்கினாலும் 10 மட்டும் வேண்டாம்.

அந்த அட்டவணை அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்குப் போட்டது. நம் ஊரில் 50. கணக்கு சின்னதுதான். 9000 வோல்ட்டை 0.03 ஆம்பியரால் வகுத்தால் 3 லட்சம் ஓம். இரண்டு பை, அதிர்வெண், அந்த 3 லட்சம், மூன்றையும் பெருக்கி ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். 60 போட்டால் 8.8 நானோஃபாரட். 50 போட்டால் 10.6. ஆக, ஒத்ததிர்விலிருந்து தப்பிக்கிறேன் என்று நீங்கள் போடப் போகும் 10, நம் ஊரில் கிட்டத்தட்ட ஒத்ததிர்வின் மடியிலேயே போய் உட்காரும்.

ஒத்ததிர்வு நல்லதுதானே என்று தோன்றும். இங்கே இரண்டு ஒத்ததிர்வு இருக்கிறது. பிரைமரியும் செகண்டரியும் ஒத்து அதிர்வது நமக்கு வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும் கெப்பாசிட்டரும் 50 ஹெர்ட்ஸில் ஒத்து அதிர்வது வேண்டவே வேண்டாம். கெப்பாசிட்டர் நிரம்பியதும் பொறி தாவி அதைப் பிரைமரிக்குள் கொட்டவிடும் பொறி இடைவெளி ஏதோ காரணத்தால் வெடிக்காமல் போனால், ஊஞ்சலைத் தள்ளத் தள்ள உயர்வது போல மின்சாரத்தின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் வோல்டேஜ் ஏறும். 9 கிலோவோல்ட்டுக்குச் சுற்றிய கம்பி அதைத் தாங்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இதே அளவு டிரான்ஸ்ஃபார்மர், இதே 10 நானோஃபாரட், மூன்றாவது நாள் மாலை. "டப்" என்றுகூடச் சத்தம் வரவில்லை. பொறி மெல்ல மெலிந்து நின்றது, அப்புறம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஊற்றியிருந்த தார் உருகும் வாசம். இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

நிலையான பொறி இடைவெளி என்றால் ஒத்ததிர்வு அளவுக்கு ஒன்றரை மடங்கு வையுங்கள். 10.6-க்கு ஒன்றரை மடங்கு 16. பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள் எது அமைந்தாலும் சரி. அதற்கு மேல் ரொம்பப் போனால் அரைச்சுற்றுக்குள் நிரம்பாது, இடைவெளி முக்கி முனகி எப்போதாவது ஒருமுறை வெடிக்கும்.


இயற்பியல்_டீச்சர் | திங்கள் காலை 6:15

ஃபேன் மின்தேக்கிக்கு (நீங்கள் சொல்லும் கெப்பாசிட்டர்தான்) நான் பதில் சொல்கிறேன். பிள்ளைகளும் வருடா வருடம் இதையேதான் கேட்கிறார்கள்.

தொடரில் போட்டால் வோல்டேஜ் கூடும், மின்தேக்கம் குறையும். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 2.5 மைக்ரோஃபாரட் என்பது 2500 நானோஃபாரட். அதிலிருந்து 16 வர வேண்டுமானால் 156 மின்தேக்கிகளைத் தொடரில் கோக்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தையே கழற்றினாலும் போதாது.

சரி, 156-ம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தாங்காது. மின்தேக்கியின் மேல் வோல்ட்டும் மைக்ரோஃபாரட்டும் மட்டும்தான் அச்சிட்டிருப்பார்கள். நமக்கு வேண்டிய மூன்றாவது எண் தரவுத்தாளில் ஒளிந்திருக்கும்: ஒரு மைக்ரோவினாடிக்கு எத்தனை வோல்ட் ஏற இறங்க விடலாம் என்பது.

உங்கள் செகண்டரியின் அளவுகளை வைத்துப் பார்த்தால் மேல் வளையத்தோடு சேர்த்து ஒத்ததிர்வு 240 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். 9 கிலோவோல்ட்டின் உச்சம் 12.7 கிலோவோல்ட். பொறி வெடித்ததும் அந்த முழு வோல்டேஜும் 240 கிலோஹெர்ட்ஸில் முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். உச்ச வோல்டேஜை இரண்டு பையாலும் அதிர்வெண்ணாலும் பெருக்குங்கள். மைக்ரோவினாடிக்குச் சுமார் 19,000 வோல்ட். இதைத் தொடரில் எத்தனை மின்தேக்கி இருக்கிறதோ அத்தனையால் வகுத்தால் ஒவ்வொன்றின் பங்கு. 156-ஆல் வகுத்தாலும் 120-க்கு மேல் நிற்கிறது. ஃபேன் மின்தேக்கி 50 ஹெர்ட்ஸில் சாந்தமாக ஓடப் பிறந்தது, அதற்குச் சில பத்து வோல்ட்தான் கணக்கு. உள்ளே ஆவியாகப் படியவைத்த மெல்லிய உலோகப் படலமும் ஓரத்தில் உலோகத்தைத் தெளித்துச் செய்த இணைப்பும் இருக்கும். முதலில் கருகுவது அந்த இணைப்பு.

ஆக, கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை வோல்ட்" என்பதோடு முடியவில்லை.


பழைய_டிவிக்காரர் | திங்கள் காலை 9:40

டீச்சரம்மா சரியாகச் சொன்னார். நான் மர்ஃபி டவுனில் முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன். கணக்கு எனக்கு வராது, கண்டென்சர் வரும் (கெப்பாசிட்டருக்கு எங்கள் பழைய பேர்).

பழைய குழாய் டிவியில் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்தில் 1600 வோல்ட், 2000 வோல்ட் என்று போட்ட ஒரு சின்ன கண்டென்சர் இருக்கும். அதில் வினாடிக்கு 15,625 தடவை ஆயிரம் வோல்ட் அடித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை கடையில் சரக்கு இல்லாமல், அதே மதிப்பு, அதே வோல்ட் போட்ட பச்சை பாலியெஸ்டரை மாட்டிக் கொடுத்தேன். சாயங்காலமே டிவி திரும்பி வந்தது. கண்டென்சர் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அந்த இடத்துக்குத் தாங்கும் பிளாஸ்டிக் வேறு. அன்றைக்குத்தான் பாலிப்ரோப்பிலீன் என்கிற வார்த்தையை மனப்பாடம் செய்தேன்.

தம்பி, செராமிக் வில்லையும் வேண்டாம். கையில் பிடித்து மீட்டரில் அளந்தால் 1 நானோ காட்டும். வோல்ட் ஏற ஏற, சூடு ஏற ஏற அளவு இறங்கிவிடும். அப்புறம் எதை வைத்து டியூன் செய்வாய்? ஓட ஓடச் சூடாகி ஒருநாள் பிளந்துகொள்ளும்.


மாட்டுங்கா_மின்னல் | திங்கள் மதியம் 1:05

மும்பையிலிருந்து. லேமிங்டன் ரோடிலும் இதே கதைதான், அங்கே பாம்ப் கேள்வியை இந்தியில் கேட்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேராக விஷயம். கார்னெல் டூபிலியர் கம்பெனியின் 942சி வரிசையில் 0.15 மைக்ரோஃபாரட், 2000 வோல்ட் டிசி. பத்தைத் தொடரில் போட்டால் 15 நானோஃபாரட், 20 கிலோவோல்ட். உங்கள் டிரான்ஸ்ஃபார்மருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. பாலிப்ரோப்பிலீன். டீச்சர் கணக்குப்படி பத்துப் பேருக்கு 19,000 என்றால் தலைக்கு 1900 வோல்ட். இது 2800-க்கு மேல் தாங்கும். உச்ச மின்னோட்டம் 290 ஆம்பியர் வரும், இதன் வரம்பு 400-க்கு மேல். சின்னச் சின்ன கெப்பாசிட்டரைக் கோத்து ஒரு பெரிய கெப்பாசிட்டர் செய்யும் இந்த முறையை உலகம் முழுக்க எம்எம்சி என்கிறார்கள். சுருள்காரர்களில் பாதிப் பேர் இந்தக் கெப்பாசிட்டரைத்தான் போட்டிருப்பார்கள்.

எஸ்பி ரோட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மௌசர், டிஜிகீ மாதிரி இணைய உதிரிபாகக் கடையில் ஆர்டர் போடுங்கள். விலை வலிக்கும். ஆனால் ஒருமுறைதான் வலிக்கும்.

ஒரு எச்சரிக்கை. 2000 வோல்ட் டிசி என்றால் 2000 வோல்ட் ஏசி என்று நினைத்துவிடாதீர்கள். தொடர்ந்து ஏசியில் ஓட்ட இதற்கு 500 வோல்ட்தான் அனுமதி. நாம் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவதால் டிசி எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுத் தப்பிக்கிறோம். 12.7 கிலோவோல்ட் உச்சத்துக்கு 20 கிலோவோல்ட் வைப்பது அந்தத் தைரியத்தில்தான். 14 கிலோவோல்ட் போதும் என்று ஏழெட்டுக் கெப்பாசிட்டரில் நிறுத்துபவர்கள் மறுபடியும் ஆர்டர் போடுவார்கள்.


கம்மனஹள்ளி_குடிமகன் | திங்கள் இரவு 9:30

எதற்கு இவ்வளவு செலவு? பீர் பாட்டிலில் உப்புத்தண்ணீர் ஊற்றி, வெளியே அலுமினியத் தாள் சுற்றினால் கெப்பாசிட்டர். டெஸ்லாவே அப்படித்தான் செய்தாராம். பாட்டிலைக் காலி செய்யும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.


இயற்பியல்_டீச்சர் | திங்கள் இரவு 10:10

உங்கள் சேவை மனப்பான்மையைப் பாராட்டுகிறேன். செய்தி உண்மைதான். 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் டெஸ்லா உப்புநீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாக வைத்துத்தான் வேலை செய்தார். 1740-களில் வந்த லைடன் ஜாடியின் தம்பிதான் அது.

கணக்கும் போட்டுவிடுவோம். 650 மில்லி பாட்டிலின் விட்டம் ஏழரை சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாள் சுற்றலாம், கண்ணாடி 3 மில்லிமீட்டர் தடிமன் என்று கொண்டால் ஒரு பாட்டில் 0.7 நானோஃபாரட். 16 வேண்டுமென்றால் 23 பாட்டில், கிட்டத்தட்ட இரண்டு கேஸ். இது இணையாகப் போடுவது, அதனால் ஒவ்வொரு பாட்டிலும் முழு 12.7 கிலோவோல்ட்டையும் தனியாகத் தாங்க வேண்டும். எங்கேயாவது ஒரு குமிழி, மெலிந்த இடம் இருந்தால் அங்கே ஓட்டை விழும். கண்ணாடியின் இழப்பும் அதிகம், தண்ணீர் வெதுவெதுப்பாகும். தண்ணீரின் மேல் ஒரு விரற்கடை எண்ணெய் விடாவிட்டால் கழுத்தில் நீல ஒளி கசியும்.

வேலை செய்யும். நான் 2 பாட்டிலை வகுப்பில் காட்டியிருக்கிறேன். உப்புநீர் 23 பாட்டில், உயர் மின்னழுத்தம், ஈரத்தரை, மூன்றும் ஒரே அறையில் இருப்பதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது.


புதுமுகம்_பொம்மனஹள்ளி | செவ்வாய் காலை 8:00

மைக்ரோவேவ் அடுப்பில் 2100 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கிறதே, அது? கூடவே டிரான்ஸ்ஃபார்மரும் கிடைக்குமே?


சோல்டர்_வாசம் | செவ்வாய் காலை 8:12

கெப்பாசிட்டர், ஃபேன் கெப்பாசிட்டருக்குச் சொன்ன அதே காரணத்தால் ஆகாது. 1 மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது.

டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம், தம்பி. நியான் டிரான்ஸ்ஃபார்மர் 30 மில்லிஆம்பியரோடு நிற்கும்படி கட்டுப்படுத்தப்பட்டது. அதுவே ஆளை முடிக்கப் போதும். மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் 2000 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கு மேல் தள்ளும். உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று வீடியோ போடுகிறார்கள்.


ஹலசூரு_சுருள் | செவ்வாய் இரவு 11:30

எல்லோருக்கும் நன்றி. 942சி விலையைப் பார்த்தேன். மாட்டுங்கா அண்ணா சொன்னது சரி, வலிக்கிறது. இந்த மாதம் பள்ளிக் கட்டணம் வேறு.

வேறொரு யோசனை. எங்கள் தெருமுனையில் இண்டக்ஷன் அடுப்பு ரிப்பேர் கடை இருக்கிறது. பலகையில் சாம்பல் நிறப் பெட்டி மாதிரி ஒரு கெப்பாசிட்டர்: 0.3 மைக்ரோஃபாரட், 1200 வோல்ட் டிசி, பாலிப்ரோப்பிலீன். புதிதாகவே பெட்டியோடு வைத்திருக்கிறார், விலை 942சி-யில் ஒரு சிறு பங்குதான். அடுப்பில் இது இருபது, முப்பது கிலோஹெர்ட்ஸில் சுருளோடு சேர்ந்து ஒத்ததிர்வில்தானே ஓடுகிறது? 17 தொடரில் போட்டால் 17.6 நானோஃபாரட், 20.4 கிலோவோல்ட். நான் எங்கேயாவது தப்பு செய்கிறேனா?


பழைய_டிவிக்காரர் | புதன் காலை 7:20

பலே! ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும். மாவரைக்கும் கடையிலிருந்து ராக்கெட் ஆராய்ச்சி வரை இந்த ஊரில் எதற்கும் உதிரிபாகம் உண்டு. பழைய அடுப்பிலிருந்து கழற்றியதை மட்டும் வாங்காதே, பாதி செத்திருக்கும். புதுசு வாங்கு. 17 வேண்டுமென்றால் 20 வாங்கி, எல்சிஆர் மீட்டரில் (கெப்பாசிட்டர் அளவைக் காட்டும் மீட்டர்) அளந்து ஒத்துப்போகும் 17-ஐ எடு. தொடரில் எவன் இளைத்தவனோ அவன் தலையில்தான் வோல்ட் அதிகம் ஏறும்.


மாட்டுங்கா_மின்னல் | புதன் காலை 10:45

நான் கொஞ்சம் கரிவாயன் வேடம் போடுகிறேன். அடுப்பில் சில பத்து ஆம்பியர், முப்பது கிலோஹெர்ட்ஸ். இங்கே 337 ஆம்பியர், 240 கிலோஹெர்ட்ஸ். 17 பேருக்கு 19,000 என்றால் தலைக்கு 1100 வோல்ட், ஒரு மைக்ரோவினாடியில். அந்தக் கெப்பாசிட்டரின் தரவுத்தாள் யாரிடமாவது இருக்கிறதா? கடைக்காரர் கொடுத்தாரா? பெயர் தெரியாத பெட்டிக்கு நாம் நற்சான்றிதழ் கொடுக்கிறோம். உலோகப் படலம் வகை என்றால் ஓரத்து இணைப்பு மெல்ல மெல்ல விடும். உடனே வெடிக்காது, அதுதான் ஏமாற்றும்.


இயற்பியல்_டீச்சர் | புதன் மதியம் 1:30

இருவர் சொல்வதும் பொருந்துகிறது. மின்கடத்தாப் பொருள் சரியானது, இணைப்பின் வலிமைதான் சந்தேகம். பாலியெஸ்டரில் இழப்பு நூற்றில் ஒன்று என்றால் பாலிப்ரோப்பிலீனில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே, அதனால் பொருள் கொதித்து உருகாது. இணைப்பு தேய்கிறதா என்பதை அளந்தே கண்டுபிடிக்கலாம். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு மதிப்பைக் குறித்து வையுங்கள், ஓட்டிய பின் திரும்ப அளங்கள். சும்மா போய்விட்டால் அதிகப் பண நட்டம் இல்லை. 30 வினாடிக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

பொறி இடைவெளியை டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்கே வையுங்கள், மின்தேக்கியைப் பிரைமரியோடு தொடரில். மாற்றி வைத்தால் அதிவேக ஆட்டம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிக்குள்ளும் நுழைய வழியாகும்.


சோல்டர்_வாசம் | புதன் இரவு 9:15

கட்டுவதற்கு முன் மூன்று விஷயம். இவற்றில் நான் பேரம் பேச மாட்டேன்.

ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே வடிகால் ரெசிஸ்டர். மொத்தத்துக்கும் சேர்த்து ஒன்று போட்டால் போதாது, நடுவில் ஒரு ஜாயிண்ட் விட்டுப்போனால் மற்றவை நிரம்பியபடியே காத்திருக்கும். 10 மெகாஓம் நல்ல அளவு. ஆனால் சாதாரண அரை வாட் ரெசிஸ்டர் 350 வோல்ட் வரைதான் தாங்கும். உங்கள் ஒரு கெப்பாசிட்டரின் மேல் வரும் உச்சம் 750 வோல்ட். அதனால் 3.3 மெகாஓம் மூன்றைத் தொடரில் போடுங்கள். ஆக 51 ரெசிஸ்டர். அணைத்த பின் 15 வினாடியில் வடிந்துவிடும், நீங்கள் ஒரு நிமிடம் காத்திருங்கள். அப்புறமும் நீளமான பிவிசி குழாய் முனையில் கம்பி கட்டி, எர்த்தோடு சேர்த்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கை ஒன்று பேண்ட் பாக்கெட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாதுகாப்பு இடைவெளி, அதாவது வோல்டேஜ் அளவு மீறினால் கம்பிக்குப் பதிலாகத் தானே வெடிக்கும் தனி இடைவெளி. கெப்பாசிட்டர் எதையும் இணைக்காமல் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் போட்டு, இடைவெளியை அது வெடிக்காத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, அங்கேயே முடுக்கிவிடுங்கள். என் டிரான்ஸ்ஃபார்மரில் இது இருந்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருக்கும்.

மூன்றாவது, செகண்டரியின் அடிப்பகுதி வீட்டு எர்த்தில் போகக் கூடாது. பக்கத்து வீட்டு டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் அது நேர்வழி. தனியாக மண்ணில் ஒரு கம்பி அடிக்க வேண்டும். ஹலசூரு மூன்றாவது மாடியில் எங்கே அடிப்பீர்கள்?


ஹலசூரு_சுருள் | புதன் இரவு 9:40

மூன்றாவது மாடி இல்லை அண்ணா. பீன்யாவில் மாமாவின் லேத் பட்டறை, ஞாயிறு மூடியிருக்கும். பின்பக்கம் மண்தரை. அத்தையின் துளசிச் செடிக்கு ஆறடி தள்ளி அடிக்கச் சொல்லி உத்தரவு.


பழைய_டிவிக்காரர் | வியாழன் காலை 8:05

பலகைக்குப் பிளைவுட் போடாதே, ஈரம் இழுத்தால் அதன் மேலேயே பொறி ஊரும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை வாங்கு, துளை போடவும் சுலபம். வரிசையைப் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துக் கட்டும்போது தலையும் வாலும் பக்கத்தில் வந்துவிடக் கூடாது, முழு வோல்ட்டும் அங்கேதான் இருக்கும். நான்கு விரல் இடைவெளி விடு. ஈயம் வைக்கும் இடத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மழுமழுவென்று உருண்டையாக வை.


ஹலசூரு_சுருள் | அடுத்த ஞாயிறு இரவு 11:55

எரிந்தது!

மன்னிக்கவும், தூக்கம் வரவில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி மதியம் வரை ஒன்றுமே இல்லை. இடைவெளி மட்டும் காது கிழியக் கத்தியது, மேலே ஒரு மயிரிழை ஊதாகூட வரவில்லை. பிரைமரியை 10 சுற்றுக்கு மேல் இணைத்திருந்தேன், 15 நானோஃபாரட்டுக்குப் போட்ட பழைய கணக்கு. 17.6 ஆனதும் பிரைமரியின் தூண்டல் 29-லிருந்து 25 மைக்ரோஹென்றிக்கு இறங்க வேண்டும் என்பது மூன்று டீ குடித்த பிறகுதான் உறைத்தது. ஒன்பதாவது சுற்றுக்கு நகர்த்தினேன், ஒரு சாண் வந்தது. அரைச் சுற்று வெளியே தள்ளினேன். ஒன்றேகால் அடி!

மாமா முதலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்புறம் கையில் டியூப்லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், இணைப்பு இல்லாமலே எரிந்தது. அப்புறம் அத்தையைக் கூப்பிட்டார். பக்கத்துப் பட்டறைக் காவலாளி ரேடியோ கேட்க முடியவில்லை என்று வந்தவர், அரை மணி நேரம் இருந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஒவ்வொரு தடவையும் 20 வினாடி. மொத்தம் நான்கு நிமிடம் ஓட்டியிருப்பேன். வடித்துவிட்டுத் தொட்டுப் பார்த்தபோது பெரும்பாலும் வெதுவெதுப்புகூட இல்லை. 11-ஆம் எண் மட்டும் டீ டம்ளர் சூடு.


மாட்டுங்கா_மின்னல் | திங்கள் காலை 7:30

வாழ்த்துகள்! வயிறு எரிகிறது. முதல் நாளே ஒன்றேகால் அடி, எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

11-ஆம் எண்ணை அளந்தீர்களா?


ஹலசூரு_சுருள் | திங்கள் இரவு 10:05

அளந்தேன். ஓட்டுவதற்கு முன் 17-ம் 0.296-க்கும் 0.304-க்கும் நடுவில் இருந்தன. இப்போது பெரும்பாலானவை இரண்டு, மூன்று சதவீதம் இறங்கியிருக்கின்றன. 11-ஆம் எண் 0.301-ஆக இருந்தது, இப்போது 0.268.


இயற்பியல்_டீச்சர் | திங்கள் இரவு 10:40

பத்து சதவீதத்துக்கு மேல். அதைக் கழற்றிவிடுங்கள். உலோகப் படலத்தின் ஒரு பகுதி ஓரத்து இணைப்பிலிருந்து விட்டுப்போயிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். மீதி இணைப்பு அதே 337 ஆம்பியரைக் குறுகிய வழியில் சுமப்பதால் சூடு. மின்தேக்கம் குறைந்தால் தொடரில் அதன் பங்கு வோல்டேஜும் கூடும், அதனால் சரிவு வேகமெடுக்கும். கையில் இருக்கும் மூன்று உபரியில் ஒன்றைப் போடலாம். மற்றவையும் இரண்டு மூன்று சதவீதம் இறங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. நான்கு நிமிடத்தில் இவ்வளவு என்றால் இந்த வரிசைக்கு அரை மணி நேர ஆயுள்கூடச் சந்தேகம்.


பழைய_டிவிக்காரர் | செவ்வாய் காலை 7:50

பம்பாய்க்காரர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தம்பி, ஒரு சாப்பாட்டுச் செலவில் மின்னலைப் பார்த்துவிட்டாய், அதை யாரும் பிடுங்க முடியாது. டியூன் எல்லாம் இந்த மலிவுச் சரக்கில் செய்து பழகு. கை பழகாத நேரத்தில் விலை உயர்ந்த கண்டென்சரைப் பலி கொடுக்காதே.


ஹலசூரு_சுருள் | செவ்வாய் இரவு 9:20

அதேதான் முடிவு. 11-ஐ மாற்றிவிட்டு, இந்த வரிசையைப் பாதுகாப்பு இடைவெளியையும் எர்த்தையும் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதச் சம்பளத்தில் 942சி. 15 நானோஃபாரட்டுக்குத் திரும்புவதால் இணைப்பைப் பத்துச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும், இந்த முறை முன்கூட்டியே குறித்துவைத்துவிட்டேன்.

பத்துக்குப் பதில் பன்னிரண்டாக வாங்குகிறேன், இரண்டு உபரி. பெங்களூரில் யாருக்காவது வேண்டுமென்றால் இந்த இழையிலேயே எண்ணிக்கையைச் சொல்லுங்கள், சேர்த்து ஆர்டர் போட்டால் அனுப்பும் செலவு பிரியும். முதல் தேதி வரை காத்திருப்பேன்.


கம்மனஹள்ளி_குடிமகன் | செவ்வாய் இரவு 9:32

எனக்குப் பத்து. அதுவரை 14 பாட்டில் தயார், இன்னும் ஒன்பதுதான் பாக்கி.